எது முக்கியம்னு யார் கேட்டாங்க? டயாலிசிஸும் ஏற்காடு மலைப்பாதையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்கு ஏற்றபடி லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு வகுத்தல் கணக்கைப் பத்திப் பேசலாம். மேல ஒரு எண், கீழ ஒரு எண், நடுவுல ஒரு கோடு. ஆஸ்பத்திரிக்கு எந்த அடிப்படையில பணம் கொடுக்கணும்ங்கிற விவாதம் உலகம் முழுக்க கிட்டத்தட்ட இருபது வருஷமா இந்தக் கோட்டைச் சுத்தித்தான் நடக்குது. கீழ இருக்கறது செலவு. மேல இருக்கறது பலன். அந்தப் பலன் என்னன்னு யார் சொல்லணும்? டாக்டரா, அரசாங்கமா, வீட்டுல இருக்கறவங்களா, இல்ல படுக்கையில இருக்கற ஆளா? இன்னைக்கு எபிசோடு இந்த ஒரு கேள்விதான்.

முதல்ல இந்தக் கணக்கு எங்கேருந்து வந்ததுன்னு சொல்லிடறேன். 2006-ல மைக்கேல் போர்ட்டர், எலிசபெத் டைஸ்பெர்க் ரெண்டு பேரும் சேர்ந்து 'ரீடிஃபைனிங் ஹெல்த் கேர்'னு ஒரு புத்தகம் எழுதினாங்க. ரெண்டு பேரும் டாக்டர்கள் இல்ல, மேனேஜ்மென்ட் பேராசிரியர்கள். அவங்க வாதம் எளிமையானது. எத்தனை ஸ்கேன், எத்தனை ஆபரேஷன், எத்தனை நாள் பெட் என்று எண்ணி எண்ணிப் பணம் கொடுத்தா, எண்ணிக்கைதான் கூடும். நோயாளி தேறினாரா இல்லையாங்கிறது பில்லுல எங்கேயும் வராது. ஐ.டி. ஆளுங்களுக்கு இது உடனே புரியும். எழுதின கோடு வரிகளை எண்ணிச் சம்பளம் கொடுத்தா, பத்து வரியில முடியற வேலை நூறு வரி ஆகும். ஆப் அப்பவும் கிராஷ் ஆகிட்டுத்தான் இருக்கும்.

அதனால கிடைச்ச பலனை, அதுக்கு ஆன செலவால வகுத்துப் பாருங்கன்னு சொன்னாங்க. அதுதான் அந்தச் சிகிச்சையோட மதிப்பு. மதிப்பு சார்ந்த மருத்துவம்னு இப்ப பேசறது இதைத்தான்.

இது அமெரிக்காவோட நின்னுடல. 2022-ல நம்ம தேசிய சுகாதார ஆணையம், ஆயுஷ்மான் பாரத் திட்டத்துல இருக்கற ஆஸ்பத்திரிகளை மதிப்பு அடிப்படையில அளக்கப் போறோம்னு அறிவிச்சது. அஞ்சு அளவுகோல் சொன்னாங்க. பயனாளியோட திருப்தி, டிஸ்சார்ஜ் ஆனவங்க திரும்ப அட்மிட் ஆகற விகிதம், நோயாளி கையிலேருந்து போன பணம், உறுதியான புகார்கள், நோயாளியோட வாழ்க்கைத் தரத்துல வந்த முன்னேற்றம். தமிழ்நாட்டுல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018-லேருந்து ஆயுஷ்மான் பாரத்தோட இணைஞ்சுதான் ஓடுது. உங்க வீட்டு பீரோவுல அந்தக் காப்பீட்டு அட்டை இருந்தா, இது உங்க சமாச்சாரமும்தான்.

அந்த அஞ்சாவது அளவுகோலைக் கவனிங்க. வாழ்க்கைத் தரம். எந்த வாழ்க்கை, எப்படிப்பட்ட தரம்? அது ஆளுக்கு ஆள் மாறுமே. இதை வெறும் தத்துவமாப் பேசினா ஒண்ணும் விளங்காது. ஒரு வியாதி, ஒரு மலை, ரெண்டு மனுஷங்களை வச்சுப் பேசலாம்.

வருஷத்துக்கு 6,240 வளைவு

எங்க பெரியப்பா ஏற்காட்டுக்காரர். டவுன்ல இருந்து இன்னும் உள்ளே தள்ளி, ஒரு கிராமத்துல கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்ட மிளகுக் கொடி, ரெண்டு பலாமரம். அவருக்கு நாள்பட்ட சர்க்கரையால ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. டயாலிசிஸ் ஆரம்பிச்சாகணும்னு டாக்டர் சொல்லிட்டார்.

டயாலிசிஸ்னா நம்ம எல்லாருக்கும் மனசுல வர்ற படம் ஒண்ணுதான். பெரிய மெஷின், பக்கத்துல கட்டில், கையில ஊசி. அது ஹீமோடயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷின்ல சுத்தம் பண்ணி, திரும்ப உடம்புக்குள்ள விடறது. ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம். வாரத்துக்கு ரெண்டு இல்ல மூணு தடவை.

இன்னொரு வழியும் இருக்கு. பெரிட்டோனியல் டயாலிசிஸ். வயித்துக்குள்ள குடலைச் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. அதையே வடிகட்டியாப் பயன்படுத்தறது. வயித்துல ஒரு சின்னக் குழாய் வச்சுடுவாங்க. பையில வர்ற திரவத்தை, ஒரு தடவைக்கு 2 லிட்டர், உள்ளே விடணும். சில மணி நேரம் கழிச்சு அழுக்கோட அதை வெளியே வடிச்சுட்டு, புதுப் பை மாட்டணும். ஒரு நாளைக்கு 3 இல்ல 4 தடவை. ஒவ்வொண்ணுக்கும் அரை மணி, முக்கால் மணி. வீட்டுலயே பண்ணிக்கலாம். மெஷின் வேணாம், கரண்ட் வேணாம். ஆனா கை சுத்தம், இடம் சுத்தம் ரொம்ப முக்கியம். கிருமி உள்ளே போனா வயித்துச் சவ்வுல தொற்று வரும், அது ஆபத்து. திரவத்துல சர்க்கரை இருக்கறதால சுகர்காரங்க கூடுதல் கவனமா இருக்கணும்.

எது நல்லது? ஆயுள்னு பார்த்தா, பல ஆய்வுகளைச் சேர்த்து வச்சுப் பார்க்கறப்ப ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. இப்படிப்பட்ட இடங்களுக்கு அமெரிக்காவுல ஜாக் வென்பெர்க்னு ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒரு பேர் கொடுத்தார். விருப்பத்தைப் பொறுத்து மாறுற சிகிச்சை. ஹார்ட் அட்டாக் வந்து ஒருத்தர் மயங்கிக் கிடக்கறப்ப உங்க விருப்பம் என்னன்னு யாரும் கேட்டுட்டு நிக்க மாட்டாங்க, நிக்கவும் கூடாது. ஆனா ரெண்டு வழியும் மருத்துவ ரீதியாச் சரி, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற கஷ்டம் இருக்குங்கிறப்ப, எந்தக் கஷ்டத்தை என்னால தாங்க முடியும்னு சொல்ல வேண்டியது அதைத் தாங்கப் போற ஆள்தான்.

இப்ப ஏற்காட்டுக்கு வருவோம். பெரியப்பாவுக்கு ஹீமோடயாலிசிஸ்னா சேலம் இறங்கணும். ஏற்காட்டுல இருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு. வாரம் மூணு தடவைன்னா வருஷத்துக்கு 156 நாள். போக 20, வர 20, ஆக 6,240 வளைவு. சனி, ஞாயிறு டூரிஸ்ட் வண்டி வரிசை தனி. விடியக்காலையில கிளம்பினா வீடு திரும்ப சாயங்காலம் ஆகிடும். துணைக்கு ஒரு ஆள் வரணும், அவருக்கும் அன்னைக்குக் கூலி போச்சு.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடனே நம்ம மூளை என்ன சொல்லும்? இதுல யோசிக்க என்ன இருக்கு, வீட்டுலயே பண்ற முறைதான் சரி. கொஞ்சம் பொறுங்க.

ஒரே மலை, ரெண்டு பதில்

டாக்டர் நல்லாத்தான் விளக்கினார். ஆனா யாருக்கு விளக்கினார்? பெங்களூர்ல இருக்கற எங்க அண்ணனுக்கு, அதாவது பெரியப்பா பையனுக்கு, வீடியோ கால்ல. பெரியப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கார். அண்ணன் கேள்வி கேக்கறார், டாக்டர் பதில் சொல்றார். கடைசியா டாக்டர் திரும்பி, "என்னங்க ஐயா, சரிங்களா?" என்கிறார். பெரியப்பா, "நீங்க பார்த்துச் செய்யுங்க சார்" என்கிறார். நம்ம ஊர்ல தினமும் ஆயிரக்கணக்கான தடவை நடக்கற உரையாடல் இது. மரியாதை இருக்கு, நம்பிக்கை இருக்கு. ஆனா அந்த மனுஷனைப் பத்தின ஒரு தகவல்கூட அதுல இல்ல.

அப்புறம் அங்கே இருந்த நர்ஸ் அக்கா அவர் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து ஒண்ணு கேட்டாங்க. "ஐயா, உடம்புக்கு முடியாமப் போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? அதுல எதை மட்டும் விடவே முடியாது?"

பெரியப்பா ரொம்ப நேரம் யோசிக்கல. "காலையில எந்திரிச்சாத் தோட்டத்துக்குள்ள ஒரு சுத்து நடக்கணும் கண்ணு. அது போதும். ரோட்டுலயே பாதி நாளு போச்சுன்னா நான் எதுக்கு இருக்கறேன்." அதோட நிறுத்தல. "ஆனா அந்தப் பை மாத்தற வேலையை என் வீட்டுக்காரி தலையில கட்டாதீங்க. அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பயந்துக்கிட்டே செய்வா. எனக்குச் சொல்லிக் கொடுங்க, நானே செஞ்சுக்கறேன்."

வீட்டுல எல்லாரும் பெரியம்மாதான் செய்வாங்கன்னு பேசி வச்சிருந்தாங்க. அவர் சொல்லலைன்னா பயிற்சி பெரியம்மாவுக்குத்தான் போயிருக்கும். பெரியப்பாவே கத்துக்கிட்டார். இப்ப ஒரு ரூமைச் சுண்ணாம்பு அடிச்சு, ஜன்னலுக்கு வலை போட்டு, அதுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கார். பை மாத்தற நேரத்துல யாரும் உள்ளே போகக் கூடாது. பேத்தியைக்கூட விடறதில்ல.

ரெண்டாவது ஆள், பெரியப்பாவுக்குத் தெரிஞ்சவர். காபி எஸ்டேட்ல வேலை பார்த்தவர், வயசு நாப்பது சொச்சம். பேர் வேணாம்னு கேட்டுக்கிட்டார். வியாதி அதே, மலை அதே. அவர் எடுத்தது ஹீமோடயாலிசிஸ். வாரம் மூணு நாள் சேலம் போய்ட்டு வர்றார்.

ஏன்னு கேட்டேன். ரெண்டு காரணம் சொன்னார். முதல் காரணம் இடம். லயன் வீடு, ஒரே ரூம், ஆறு பேரு. ஒரு நாளைக்கு 4 பைன்னா மாசத்துக்கு 120 பை, 240 லிட்டர். "அதை எங்கீங்க வைக்கிறது? நாங்க எங்க படுக்கிறது?"

ரெண்டாவது காரணம் நான் எதிர்பார்க்காதது. "சேலம் போற மூணு நாளு நான் நோயாளி. மிச்ச நாலு நாளு நான் நோயாளி இல்லீங்க. வீட்டுல பண்ணுனா தினமும் நாலு வேளை ஞாபகப்படுத்திட்டே இருக்குமில்ல."

மிச்சப்பட்ட பயண நேரத்தை மட்டும் எண்ணுற ஒரு டாஷ்போர்டுல, இவர் எடுத்த முடிவு சிவப்பா எரியும். ஆனா அவர் வாழ்க்கையில அந்த நாலு நாள்தான் கோட்டுக்கு மேல இருக்கற எண்.

அதுக்காக இதை அழகான கதையாக்கிட்டுப் போயிடவும் முடியாது. 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை ஞாபகம் இருக்கும். சேலம் - ஏற்காடு மலைப்பாதையில மண்சரிவு ஆகி போக்குவரத்தை நிறுத்தினாங்க. அந்த வாரம் அவருக்கு ஒரு டயாலிசிஸ் தள்ளிப் போச்சு. கால் வீங்கி, படுத்தா மூச்சு வாங்கி, ராத்திரி முழுக்க உக்காந்தே இருந்தார். அவர் தேர்ந்தெடுத்த வழிக்கு இப்படி ஒரு விலை இருக்கு.

அவர் சொன்ன ரெண்டு காரணமும் ஒரே வகையும் இல்ல. நாலு நாள் நோயாளியா இல்லாம இருக்கணும்ங்கிறது விருப்பம். பை வைக்க இடம் இல்லைங்கிறது நெருக்கடி. ஃபாரத்துல ரெண்டும் 'நோயாளி ஹீமோடயாலிசிஸ் தேர்வு செய்தார்'னு ஒரே வரியாத்தான் பதிவாகும். இடம் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "தெரியலீங்க. யோசிச்சுத்தான் சொல்லணும். இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேக்கல" என்றார்.

ஊகம் ஏன் வேலைக்கு ஆகாது

இவ்வளவு அனுபவம் உள்ள டாக்டருக்கு நோயாளி மனசு தெரியாதான்னு நீங்க கேக்கலாம். 2012-ல ஆல்பர்ட் மல்லி, கிறிஸ் டிரிம்பிள், கிளின் எல்வின் மூணு பேரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. வியாதியைத் தப்பாக் கணிக்கிற மாதிரியே நோயாளியோட விருப்பத்தையும் தப்பாக் கணிக்கிறது நடக்குது, அது யார் கண்ணுக்கும் படறதில்லைங்கிறதுதான் வாதம். அதுல ஒரு எடுத்துக்காட்டு. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள்ல 71 சதவீதம் பேருக்கு மார்பகத்தை எடுக்காமக் காப்பாத்தறதுதான் தலையாய முன்னுரிமைனு டாக்டர்கள் நினைச்சாங்க. அந்தப் பெண்கள் கிட்டயே கேட்டப்ப, அப்படிச் சொன்னவங்க 7 சதவீதம்.

டயாலிசிஸ்லயும் இதே மாதிரி ஒரு வேலை நடந்திருக்கு. 'சாங்'னு சர்வதேச அளவுல ஒரு முயற்சி. சிறுநீரக ஆய்வுகள் எதையெல்லாம் கட்டாயம் அளக்கணும்னு டாக்டர்களும் நோயாளிகளும் குடும்பத்தினரும் சேர்ந்து முடிவு பண்றது. ஹீமோடயாலிசிஸுக்கு வந்த பட்டியல்ல இறப்பு, இதய நோய், ரத்தக்குழாய் இணைப்பு மூணோட நாலாவதா ஒண்ணு இருக்கு. அசதி. டயாலிசிஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூடத் தெம்பில்லாமப் படுத்துக்கற அந்த அசதி. நோயாளிகள் அதை அவ்வளவு அழுத்திச் சொன்னாங்க. பெரிட்டோனியல் டயாலிசிஸ் பட்டியல்ல 'வாழ்க்கையில பங்கேற்கறது'ன்னே ஒரு அளவுகோல் இருக்கு. வேலை, குடும்பம், கோயில் திருவிழா, பெரியப்பாவோட தோட்டத்து நடை, எல்லாம் அதுக்குள்ளதான் வரும். லேப் ரிப்போர்ட்ல இதுக்கு ஒரு வரி கிடையாது. கேட்டாத்தான் தெரியும்.

குடும்பத்தைப் பத்தியும் பேசணும். நம்ம ஊர்ல சிகிச்சையை முடிவு பண்றது தனி ஆள் இல்ல, குடும்பம். அதுல நிறைய நல்லது இருக்கு, பணமும் துணையும் அங்கேருந்துதான் வருது. ஆனா கூட நிக்கறது வேற, பதிலாப் பேசறது வேற. சுப்ரீம் கோர்ட் 2008 ஜனவரியில சமீரா கோலி வழக்குல இந்தக் கோட்டைத் தெளிவாப் போட்டது. 44 வயசுப் பெண். பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதம் கொடுத்து மயக்க நிலையில இருந்தாங்க. அப்ப வெளியே இருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதப்ப, வயசுக்கு வந்த, சுயநினைவோட முடிவெடுக்கக்கூடிய ஒருத்தருக்காக அம்மா கொடுத்த சம்மதம் செல்லாதுன்னு கோர்ட் சொன்னது. சிகிச்சை என்ன, மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, பண்ணாம விட்டா என்ன ஆகும்னு நோயாளிக்கே சொல்லணும்னும் சொன்னது. மாற்று வழி என்னங்கிற அந்தப் பகுதியைக் குறிச்சு வச்சுக்கோங்க. பெரிட்டோனியல்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாத ஒருத்தர் ஹீமோடயாலிசிஸை 'விரும்பினார்'னு எழுதறதுல அர்த்தம் இல்ல.

'ஒரு ஊசி போட்டு விடுங்க'

அப்போ நோயாளி கேக்கறதை எல்லாம் கொடுத்துடணுமா? இல்ல. சளி, ஜுரத்தோட கிளினிக்குக்குப் போய், "மாத்திரை வேணாம் டாக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க"ன்னு கேக்கறவங்க நம்ம வீட்டுலயே இருக்காங்க. "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டாத் தெம்பாயிடும்" என்பவங்களும் இருக்காங்க. அது கோரிக்கை. அதுக்குக் கீழ ஒரு விருப்பம் இருக்கும். நாளைக்கு வேலைக்குப் போயாகணும், ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் பிடிப்பாங்க. நல்ல டாக்டர் ஊசியை மறுத்துட்டு, அந்த விருப்பத்துக்குப் பதில் சொல்வார். சாஃப்ட்வேர்லயும் இதே கதைதானே. இந்த இடத்துல ஒரு பட்டன் வைங்கன்னு கிளையன்ட் கேப்பார். அவருக்கு உண்மையில வேணும்கிறது பட்டனா, தினமும் பண்ற வேலையில அஞ்சு நிமிஷம் குறையறதா?

இதைத் தேச அளவுல பார்க்கணும்னா தாய்லாந்தைப் பார்க்கலாம். அங்கே எல்லாருக்குமான சுகாதாரத் திட்டத்துல 2008-ல பெரிட்டோனியல் டயாலிசிஸுக்கே முதலிடம்னு கொள்கை வச்சாங்க. காரணம் நியாயமானது. அத்தனை ஊருக்கும் மெஷினும் நர்ஸும் கொடுக்க முடியாது, பையை வீட்டுக்கு அனுப்பலாம். அதனால ஆயிரக்கணக்கானவங்களுக்கு முதல் தடவையா டயாலிசிஸ் கிடைச்சது. ஆனா காரணமில்லாம ஹீமோடயாலிசிஸ் வேணும்னா கைக்காசு போடணும். 2022 பிப்ரவரியில அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துட்டு, எது வேணுமோ எடுத்துக்கலாம்னு திறந்து விட்டாங்க. புதுசா வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஹீமோடயாலிசிஸ் பக்கம் போனாங்க. செலவு ஏறிச்சு. அப்படித் தொடங்கினவங்கள்ல நடந்த இறப்புகள் பத்திக் கவலை வந்தது. 2025-ல மறுபடியும் பெரிட்டோனியலுக்கு முதலிடம்ங்கிற கொள்கைக்கே திரும்பினாங்க.

இதைக் காட்டி, ஜனங்க கையில விருப்பத்தைக் கொடுத்தா இப்படித்தான்னு ஒருத்தர் சொல்லலாம். எனக்கு இதுல தெரியறது வேற. முதல் கட்டத்துல அரசாங்கமே பதிலைச் சொல்லிடுச்சு. ரெண்டாவது கட்டத்துல கதவைத் திறந்து விட்டாங்க, ஆனா கதவைத் திறக்கறது மட்டும் உரையாடல் ஆகிடாது. பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, உங்க நாள் எப்படிப் போகும்னு கேட்டு, ரெண்டு வழியோட கஷ்டத்தையும் சொல்லி, வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்கன்னு அனுப்பற அந்த ஒரு மணி நேரம் இருக்கே, அதுக்குத் தனியாப் பணம் ஒதுக்கறது அபூர்வம்தான். அது நடந்த பிறகு ஒருத்தர் சொல்றதைத்தான் விருப்பம்னு எடுத்துக்கலாம். பொதுப் பணம் எல்லையில்லாதது இல்லைங்கிறதையும் தாய்லாந்து நமக்கு ஞாபகப்படுத்துது. என் விருப்பத்துக்கு ஆகற செலவு இன்னொருத்தரோட மெஷின் நேரமாக்கூட இருக்கலாம். அதையும் மறைக்காமப் பேசணும்.

கேக்கறதோட முடியாது

கேட்டுட்டா மட்டும் போதுமா? பெரியப்பா வீட்டுலயே பண்ணிக்கறேன்னு சொன்னார். பை மலை ஏறி வரலைன்னா அந்தப் பதிலால ஒண்ணும் ஆகாது. இங்கேதான் தமிழ்நாட்டுல ஒரு நல்ல விஷயம் நடந்திருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கினாங்க. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கறதுன்னுதான் பலருக்கும் தெரியும். வலி தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி, அப்புறம் பெரிட்டோனியல் டயாலிசிஸ் பைகளும் அதுல உண்டு. 2024-ல ஐ.நா.வோட விருதும் அந்தத் திட்டத்துக்குக் கிடைச்சது. தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல ஹீமோடயாலிசிஸோட ஆரம்பிச்சது. பெரிட்டோனியலுக்கான வழிகாட்டுதல் 2019-ல வந்தது. கதவு ரெண்டும் காகிதத்துல திறந்துதான் இருக்கு. ஆனா நம்ம நாட்டுல இன்னைக்கும் டயாலிசிஸ்ல இருக்கறவங்கள்ல மிகப் பெரும்பாலானவங்க மெஷின் பக்கம்தான். அதுல எத்தனை பேர் விரும்பிப் போனாங்க, எத்தனை பேர் இன்னொரு வழி தெரியாமப் போனாங்கங்கிறதுதான் கேள்வி.

அதே மாதிரி கோட்டுக்குக் கீழ இருக்கற எண்ணையும் பார்க்கணும். காப்பீட்டுத் திட்டத்தோட கணக்குல பெரியப்பாவுக்கும் அந்த எஸ்டேட் அண்ணனுக்கும் சிகிச்சை இலவசம். அண்ணனோட கணக்குல பஸ் செலவு இருக்கு, கூட வர்ற மனைவியோட கூலி இருக்கு, சேலத்துல வாங்கிச் சாப்பிடற இட்லி இருக்கு. நான் முதல்ல சொன்ன அஞ்சு அளவுகோல்ல, கையிலேருந்து போன பணம்னு ஒண்ணு இருந்ததே, அதுக்குள்ள இதெல்லாம் வரணும். சேர்வராயன் மலையில காபித் தோட்டங்களுக்கு நடுவுல சிதறிக் கிடக்கற கிராமங்களுக்கு, மருத்துவச் செலவுல பாதி ரோட்டுலதான் இருக்கு.

ஒரு டேட்டா ஆளா எனக்கு ஒரு சின்ன ஆசை. அந்தக் கேஸ் ஷீட்டுல 'தேர்வு செய்த முறை'ன்னு இருக்கற கட்டத்துக்குப் பக்கத்துல 'ஏன்'னு இன்னொரு கட்டம் வேணும். நாலு நாள் நோயாளியா இருக்க வேணாம்னு எழுதியிருந்தா, அவரை அவர் போக்குல விடணும். பை வைக்க இடமில்லைன்னு எழுதியிருந்தா, அது சரி பண்ண வேண்டிய விஷயம். ஊர்ல ஒரு பொது அறை, ஒரு அலமாரி, வாரா வாரம் கொஞ்சமாக் கொண்டு வந்து தர்ற ஏற்பாடு, ஏதோ ஒண்ணு. ஒரு வார்டுல இருபது பேர் அதே காரணத்தை எழுதினா, அது இருபது தனி மனுஷங்களோட விருப்பம் இல்ல, ஒரு நிர்வாகப் பிரச்சனை. 'ஏன்'ங்கிற கட்டம் இல்லாதவரைக்கும் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

கடைசியா உங்களுக்கு. இதைக் கேட்டுட்டு இருக்கறவங்கள்ல பாதிப் பேர் சென்னையிலயோ பெங்களூர்லயோ உக்காந்துக்கிட்டு, ஊர்ல இருக்கற அப்பா அம்மாவோட ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்புல பார்க்கறவங்க. வீடியோ கால்ல டாக்டர்கிட்ட பேசற அந்த அண்ணன் இடத்துல ஒரு நாள் நீங்க இருப்பீங்க. அப்போ இந்த மூணை மட்டும் பண்ணுங்க.

ஒண்ணு, போனை ஸ்பீக்கர்ல போடச் சொல்லுங்க. டாக்டர் அவங்க முகத்தைப் பார்த்துப் பேசட்டும்.

ரெண்டு, டாக்டர்கிட்ட மரியாதையா மூணு கேள்வி கேளுங்க. வேற வழி என்னெல்லாம் இருக்கு? ஒவ்வொண்ணுலயும் இவங்களோட ஒரு சாதாரண நாள் எப்படி மாறும்? உடனே முடிவு பண்ணலைன்னா என்ன ஆகும்? அவசரம் இல்லாத பல விஷயங்கள்ல ரெண்டு நாள் அவகாசம் கிடைக்கும்.

மூணு, போனை வச்ச பிறகு அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ தனியாக் கேளுங்க. "உங்களுக்கு என்ன வேணும்"னு நேராக் கேட்டா, "உங்களுக்குச் சிரமம் இல்லாம எதுவோ அது"ன்னுதான் பதில் வரும். நம்ம ஊர் அப்பா அம்மா அப்படித்தான். அதனால அந்த நர்ஸ் அக்கா கேட்ட மாதிரி கேளுங்க. ஒரு நாள்ல எதை விட முடியாது? எதை யார் தலையில கட்டக் கூடாது? பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க. நடுவுல நீங்க பேசாதீங்க.

உங்க வீட்டுல இப்படி ஒரு முடிவு எடுத்த அனுபவம் இருந்தா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பேர், ஆஸ்பத்திரி பேர் எதுவும் வேணாம். அடுத்த எபிசோடுல சந்திப்போம். உடம்பைப் பார்த்துக்கோங்க.